சும்மா கிடைத்த ஒரு மணி நேரம்: பவேரிய மலையில் இருட்டிப்போன ஒரு ஞாயிறு

அன்று அந்த மலையில் இருந்த ஐவரில் நானும் ஒருவன். மற்ற நால்வரிடமும் தனித்தனியாகப் பேசி, செல்பேசிப் படங்களில் பதிவான நேரத்தையும் அழைப்புப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்ததை வரிசைப்படுத்தியிருக்கிறேன். ஆளுக்கொரு மாதிரி நினைவு இருந்த இடங்களில் படத்தில் இருந்த நேரத்தையே எடுத்துக்கொண்டேன். பெயர் வேண்டாம் என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதனால் ஊரை வைத்தே குறிப்பிடுகிறேன்: மதுரைக்காரர், கோவைத் தம்பதி, சேலத்துத் தம்பி, அப்புறம் நான்.

பின்னணி

ஐந்து பேரும் வேலைக்காக ஜெர்மனியின் பவேரியா மாநிலத் தலைநகரான மியூனிக் வந்தவர்கள். மதுரைக்காரர் வந்து மூன்று வருடம். எங்கள் வட்டத்தில் அவர்தான் மூத்தவர். வீடு பார்ப்பதிலிருந்து முகவரிப் பதிவு வரை எல்லாருக்கும் கூடவே வந்து உதவியவர். கோவைத் தம்பதி வந்து எட்டு மாதம். சேலத்துத் தம்பி வந்து ஆறே வாரம். எனக்கு ஒன்றரை வருடம்.

பவேரியாவில் ஞாயிற்றுக்கிழமை எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். கடைகள் அடைத்திருக்கும். வீட்டில் வேக்குவம் கிளீனர் போட்டால் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள். ஊரில் என்றால் சொந்தக்காரர், கோயில், சினிமா என்று பொழுது போய்விடும். இங்கே வந்த புதிதில் ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்கு ஒரு வெறுமை வரும் பாருங்கள், அதற்குப் பயந்தே பலர் மலைக்குக் கிளம்புகிறார்கள். மலையும் பக்கம்தான். தெற்கே ஒன்றேகால் மணி நேரம் ரயிலில் போனால் ஆல்ப்ஸ் அடிவாரம். 2023 மே மாதம் வந்த டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டு எங்கள் எல்லோரிடமும் இருந்தது. வட்டார ரயிலும் ஊர்ப் பேருந்தும் அதிலேயே அடக்கம் என்பதால், போய்வருவது செலவாகவே தெரியாது.

மலை அனுபவம் இல்லாதவர்கள் என்றும் எங்களைச் சொல்ல முடியாது. கோவைக்காரர் வெள்ளியங்கிரி ஏழு மலையும் நான்கு முறை ஏறியவர். மதுரைக்காரர் சதுரகிரிக்கு அமாவாசை தவறாமல் போய்க்கொண்டிருந்தவர். இந்த அனுபவம் அன்று உதவவில்லை, கெடுதலே செய்தது என்பது என் கருத்து. வெள்ளியங்கிரியில் ராத்திரி ஏறுவதுதான் வழக்கம். முன்னாலும் பின்னாலும் நூற்றுக்கணக்கானவர் கையில் டார்ச்சும் மூங்கில் தடியுமாகப் போவார்கள். வழியில் சுக்குக் காப்பி கிடைக்கும். இருட்டினாலும் மலையில் ஆள் இருக்கும் என்ற எண்ணம் அங்கிருந்து எங்களோடு வந்திருந்தது.

போட்ட திட்டம்

வெள்ளிக்கிழமை இரவு முடிவானது இது. கோஹெல் வரை ரயில், அங்கிருந்து பேருந்தில் வால்ஹென்சே ஏரிக்கரை, கேபிள் காரில் மேலே ஏறி, முக்கால் மணி நேரம் நடந்து ஹெர்ட்சோக்ஷ்டாண்ட் உச்சி. சாப்பாடு, படம், அதே கேபிள் காரில் இறக்கம். உச்சி 1,731 மீட்டர். பவேரியாவை ஆண்ட இரண்டாம் லுட்விக் மன்னருக்குப் பிடித்த மலை. அவர் குதிரையில் ஏறிய பாதை இன்றைக்கும் அகலமாக இருக்கிறது. புதிதாக வந்தவர்களைக் கூட்டிப்போக நல்ல இடம். திட்டத்தில் தவறே இல்லை என்று இப்போதும் சொல்வேன்.

அந்த ஞாயிறு அக்டோபரின் கடைசி ஞாயிறு. ஐரோப்பாவில் அன்று அதிகாலை மூன்று மணியை இரண்டாகத் திருப்பி வைப்பார்கள், குளிர்கால நேரம் தொடங்கும். செல்பேசி தானாக மாறிக்கொள்ளும், கைக்கடிகாரம் மாறாது.

காலை 9.20, மியூனிக் ரயில் நிலையம். கோவை அக்காவின் கைக்கடிகாரம் 10.20 காட்டியது. ரயிலை விட்டுவிட்டோமோ என்று ஒரு நிமிடம் பதறி, அப்புறம் விஷயம் புரிந்து எல்லோரும் சிரித்தோம். மதுரைக்காரர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: "நமக்கு ஒரு மணி நேரம் சும்மா கிடைச்சிருக்குப்பா. மெதுவா போவோம்."

காலையில் கிடைத்த அந்த ஒரு மணி நேரம் சாயங்காலத்தில் கழிந்துபோகும். முந்தின நாள் சனிக்கிழமை சூரியன் மறைந்தது மாலை ஆறு மணியை ஒட்டி. ஞாயிறன்று ஐந்து மணியை ஒட்டி. மியூனிக்கில் ஜூன் மாதம் இரவு ஒன்பதே காலுக்கு மறையும் சூரியன், டிசம்பரில் நான்கு இருபதுக்கே போய்விடும். மதுரையிலோ சேலத்திலோ வருடம் முழுக்கப் பார்த்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இது மாறாது. 'இன்னைக்கு எத்தனை மணிக்கு இருட்டும்' என்று கேட்கும் பழக்கமே நம்மிடம் கிடையாது. ஆறு, ஆறரை என்பது உடம்பிலேயே பதிந்த கணக்கு. இரண்டு வாரம் முன்பு இன்னொரு மலைக்குப் போனபோதும் ஆறேகால் வரை வெளிச்சம் இருந்தது. அதை நம்பித்தான் எல்லோரும் இருந்தோம்.

உச்சியில் மாறிய முடிவு

கேபிள் காருக்கு நீண்ட வரிசை. தெற்கிலிருந்து 'ஃபோன்' (Föhn) என்ற மலைக்காற்று வீசிய நாள் அது. ஆல்ப்ஸைத் தாண்டி இறங்கும்போது சூடாகி உலர்ந்துவிடும் காற்று இது. அது வீசும் நாளில் வானம் கழுவி விட்டதுபோல் இருக்கும், இலையுதிர் காலத்திலும் வெயில் உறைக்கும். நகரமே மலைக்கு வந்திருந்தது. 12.25க்குத்தான் மேலே போய்ச் சேர்ந்தோம்.

உச்சியில் இருக்கும் மரக்கூடத்தை அடைந்தபோது 1.20. ஒரு பக்கம் கீழே வால்ஹென்சே, பாசிப்பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு நிறம். மறுபக்கம் அதைவிட 200 மீட்டர் தாழ்வாக கோஹெல் ஏரி. இந்த உயர வித்தியாசத்தை வைத்துத்தான் 1924 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். கோவை அக்கா கட்டிக்கொண்டு வந்த புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம். வெயிலில் ஜாக்கெட்டைக் கழற்றிப் பையில் திணித்தோம். சேலத்துத் தம்பி அம்மாவுக்கு வீடியோ அழைப்பில் மலையைச் சுற்றிக் காட்டினார்.

அங்கிருந்து மேற்கே ஒரு கூர்மையான முகடு ஹைம்கார்ட்டன் என்ற அடுத்த உச்சிக்குப் போகிறது. அது 1,790 மீட்டர். முகட்டில் சின்னச் சின்னதாக ஆட்கள் போய்க்கொண்டிருப்பது தெரிந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது.

மதுரைக்காரர்தான் ஆரம்பித்தார். "கேபிள்ல ஏறி கேபிள்ல இறங்குனா அது மலை ஏறுனதா? அங்க போயி அந்தப் பக்கம் இறங்குனா ஓல்ஷ்டாட்ல ரயில் இருக்கு. நேரா மியூனிக்."

"இறங்கறதுக்கும் சேத்தி டிக்கெட் எடுத்திருக்கோமேங்க?" என்றார் கோவைக்காரர்.

"அது போனா போகுது."

நான் சரி என்றேன். காரணம், முகடு அழகாக இருந்தது, அவ்வளவுதான். எத்தனை மணிக்கு இருட்டும் என்று யாரும் கேட்கவில்லை. வழிகாட்டிப் பலகையில் ஜெர்மனில் எழுதியிருந்ததை சேலத்துத் தம்பி செல்பேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தார். 'பழகியவர்களுக்கு மட்டும்' என்று வந்தது. "நாம பழகுனவங்கதானே" என்று சிரித்தார் மதுரைக்காரர்.

அந்த மஞ்சள் பலகைகளைப் பற்றி எங்களுக்கு அன்று தெரிந்திருக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அதில் இருக்கும் வண்ணப் புள்ளி. நீலம் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். கறுப்பு என்றால் வழுக்கினால் உருண்டு போகக்கூடிய இடங்கள் உண்டு என்று பொருள். இரண்டாவது, பலகையில் போட்டிருக்கும் நேரம் நிற்காமல் நடக்கும் நேரம். ஓய்வு, படம், பயம் எதற்கும் அதில் இடமில்லை.

முகட்டில்

1.55க்கு முகட்டில் கால் வைத்தோம். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. எங்களுக்கு 2 மணி 25 நிமிடம் ஆனது.

சில இடங்களில் பாதை ஒரு ஆள் அகலம்தான். பாறையில் இரும்பு வடம் கட்டியிருக்கிறார்கள், பிடித்துக்கொண்டு போகவேண்டும். எதிரே வருகிறவர்களுக்கு ஒதுங்கி நிற்க வேண்டும். முந்தின வாரம் விழுந்த பனி, வெயில் படாத வடபக்கத்தில் உறைந்து கிடந்தது. கோவை அக்காவுக்கு இரண்டு பக்கமும் பள்ளத்தைப் பார்த்ததும் கால் நடுங்க ஆரம்பித்தது. ஒரு இடத்தில் உட்கார்ந்தபடியே நகர்ந்து வந்தார். அவரை யாரும் அவசரப்படுத்தவில்லை. அது ஒன்றைத்தான் நாங்கள் அன்று சரியாகச் செய்தோம்.

3.10 மணி. முகட்டின் தாழ்வான இடம், ஏறக்குறைய பாதி வழி. இந்தப் பயணத்தின் தீர்மானமான இடம் இதுதான் என்று நினைக்கிறேன், உச்சியைவிடவும். இங்கே சேலத்துத் தம்பி செல்பேசியில் வானிலை பார்த்தார். 'சூரிய மறைவு 4.57' என்று அதில் இருந்தது. அந்தத் திரையின் படம்கூட அவரிடம் இருக்கிறது, நேரத்தோடு. ஆனால் அவர் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணனுக்குத் தெரியாம இருக்குமான்னு நெனச்சேன். நான் வந்து ஆறு வாரம். அக்கா வேற பயந்து போயிருந்தாங்க. நான் ஒண்ணு சொல்லப் போயி, இவன் பயப்படறான்னு ஆயிடுமோன்னு விட்டுட்டேன்."

மதுரைக்காரரிடமும் கேட்டேன். "அவன் சொல்லியிருந்தா திரும்பியிருப்பேனான்னு கேட்டா, தெரியலப்பா. ஆனா கேட்டிருப்பேன்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரை அண்ணன் ஆக்கியது நாங்கள்தான். வாடகை ஒப்பந்தம் முதல் வரி படிவம் வரை எல்லாவற்றுக்கும் அவரைக் கேட்டுப் பழகிய நாங்கள், மலையையும் அவர் தலையில் போட்டுவிட்டோம். அவருமே இந்த முகட்டை அன்றுதான் முதல்முறை பார்க்கிறார். அதையும் யாரும் கேட்கவில்லை.

3.10க்குத் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடைசி கேபிள் கார் பெரும்பாலும் போயிருக்கும். ஆனால் கேபிள் நிலையத்தை ஒட்டி ஒரு மலை விடுதி இருக்கிறது, ஆட்கள் இருப்பார்கள். அங்கிருந்து மன்னரின் குதிரைப் பாதை கீழே சாலைக்குப் போகிறது, இருட்டிலும் நடக்கலாம். கேபிள் காரைத் தவறவிட்டவர்கள் என்ற சங்கடத்தோடு முடிந்திருக்கும். திரும்பிப் போவதென்றால் அந்தப் பயமான இடங்களை மறுபடி கடக்க வேண்டுமே என்பதுதான் எல்லோர் மனதிலும் இருந்தது. முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாததால் முன்னால் போவது சுலபமாகத் தோன்றியது.

இறக்கம்

4.20க்கு ஹைம்கார்ட்டன். உச்சியில் இருக்கும் குடில் அந்தப் பருவத்துக்கு மூடியாகிவிட்டது. தேநீர் கிடைக்கும் என்று அக்காவிடம் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தோம். வெயில் சாய்ந்திருந்தது. அப்போதுதான் நான் முதல்முறையாக நேரத்தைப் பற்றி யோசித்தேன்.

ஆல்ப்ஸ் நடைபாதைகளுக்கு ஒரு கணக்கு உண்டு. ஏறுவதற்கு மணிக்கு 300 மீட்டர், இறங்குவதற்கு 500 மீட்டர், தூரத்துக்கு மணிக்கு 4 கிலோமீட்டர். உயரத்துக்கான நேரத்தையும் தூரத்துக்கான நேரத்தையும் தனித்தனியே போட்டு, பெரியதோடு சின்னதில் பாதியைக் கூட்ட வேண்டும். ஹைம்கார்ட்டனிலிருந்து ஓல்ஷ்டாட் ஊருக்கு இறக்கம் 1,100 மீட்டருக்கு மேல்: 2 மணி 15 நிமிடம். தூரம் 7 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒன்றே முக்கால் மணி, அதில் பாதி 50 நிமிடத்துக்கு மேல். மொத்தம் மூன்று மணி நேரத்துக்கும் அதிகம். ஓய்வே இல்லாமல் போனாலும் ஏழரை ஆகும். இந்தக் கணக்கு எனக்கு அப்புறம்தான் தெரியும். அன்று நாங்கள் போட்ட கணக்கு, 'இறங்குறதுதானே, சீக்கிரம் போயிடலாம்.'

4.57க்குச் சூரியன் மறைந்தது. அதற்குப் பிறகு அரை மணி நேரம் அந்தி வெளிச்சம் இருக்கும், வெட்டவெளியில். காட்டுக்குள் அந்த அரை மணி நேரம் கிடைக்காது. 5.15க்கெல்லாம் செல்பேசி விளக்கை ஏற்றினோம். ஐந்து பேரில் ஒருவரிடமும் டார்ச் இல்லை. பவர் பேங்க் ஒன்று இருந்தது, அதிலும் சார்ஜ் இல்லை. நாள் முழுக்கப் படமும் வீடியோவும் எடுத்த செல்பேசிகள். மதுரைக்காரரிடம் 9 சதவீதம், என்னிடம் 31, சேலத்துத் தம்பியிடம் 40. குளிரில் பேட்டரி இன்னும் வேகமாக இறங்கும்.

பாதை முழுக்க ஈரமான பீச் மரச் சருகு. கீழே வேர் இருக்கிறதா, கல் இருக்கிறதா என்று தெரியாது. 5.50 வாக்கில் கோவைக்காரர் வழுக்கி விழுந்தார். இடது கணுக்கால். எழுந்து நின்றார், நாலடி வைத்தார், உட்கார்ந்துவிட்டார். நான்கு முறை வெள்ளியங்கிரி ஏறிய மனிதர்.

மனைவியும் சேலத்துத் தம்பியும் தோள் கொடுக்க, இன்னும் பத்து நிமிடம் இறங்கினோம். மரத்தில் பூசியிருக்கும் வண்ண அடையாளம் கொஞ்ச நேரமாகவே கண்ணில் படவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம். எங்கேயோ ஒரு திருப்பத்தை விட்டிருக்கிறோம். பக்கத்தில் ஓடைச் சத்தம் கேட்டது.

இங்கே ஒரு தவறு என்னுடையது. "தண்ணி போற வழியா போனா ஊர் வந்துடும்" என்று சொன்னேன். தாத்தா சொல்லிக் கேட்டது. எங்கள் பக்கத்து ஓடைகளுக்கு அது பொருந்தலாம். ஆல்ப்ஸில் ஓடைகள் செங்குத்தான பள்ளத்திலும் அருவியிலும் கொண்டுபோய் விடும். வழி தவறியவர்கள் ஓடையைப் பின்தொடர்ந்து மாட்டிக்கொள்வது இங்கே மீட்புக் குழுவினருக்குப் பழகிப்போன கதை.

தடுத்தது கோவை அக்கா. நாள் முழுக்கப் பயந்துகொண்டே வந்தவர். "இதுக்கு மேல ஒரு அடிகூட வெக்க மாட்டேன். இங்கயே உக்காருங்க. போன் பண்ணுங்க." ஐந்து பேரில் சரியான நேரத்தில் சரியானதைச் சொன்னவர் அவர்தான்.

அழைக்காமல் போன 35 நிமிடம்

உட்கார்ந்தது 6.05க்கு. அவசர உதவி எண்ணான 112ஐ அழைத்தது 6.40க்கு. இடையில் நடந்தது இந்தப் பதிவை எழுதுவதற்கே முக்கியக் காரணம்.

முதலில் பணம். "ஹெலிகாப்டர் வந்தா பத்தாயிரம் யூரோ ஆகுமாம்" என்று யாரோ சொன்னதாக மதுரைக்காரர் சொன்னார். அடுத்து விசா. போலீஸ் பதிவு ஆகுமா, புளூ கார்டு என்ற வேலை அனுமதியைப் புதுப்பிக்கும்போது கேட்பார்களா என்று எனக்கே சந்தேகம். சேலத்துத் தம்பிக்கு இன்னும் தகுதிகாண் காலம், அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம். மொழி இன்னொன்று. யார் பேசுவது? எல்லாவற்றுக்கும் அடியில் வெட்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு பேரை வீட்டிலிருந்து வரவழைப்பதா?

இவற்றில் ஒன்றுகூட உண்மையான தடையாக இருக்கவில்லை. மலை மீட்பை பவேரியாவில் செய்வது பெர்க்வாஹ்ட் என்ற அமைப்பு, செஞ்சிலுவைச் சங்கத்தின் கீழ் இயங்குவது. களத்தில் வருகிறவர்கள் தன்னார்வலர்கள். காயமோ மருத்துவத் தேவையோ இருந்தால் செலவை மருத்துவக் காப்பீடு ஏற்கும். காயமே இல்லாமல் களைத்துப்போய் அழைத்தால்தான் செலவு நம் தலையில் விழ வாய்ப்பு உண்டு. உதவிக்கு அழைப்பது குற்றம் இல்லை, யாரும் விசாவைப் பற்றிக் கேட்கவும் இல்லை. நம் நிறுவன சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு எந்த நிறுவனத்தின் அலைவரிசை கிடைத்தாலும் 112 போகும் என்பதும் அப்போது எங்களுக்குத் தெரியாது. திரையில் கோடு இல்லை என்பதையே பத்து நிமிடம் சாக்காகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அதற்குள் குளிர் ஏறிவிட்டது. மலையில் 1,000 மீட்டருக்கு ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும் என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். மத்தியானம் வியர்த்த பனியன் இப்போது முதுகில் ஐஸ் துணியாக ஒட்டியது. சாப்பாட்டுக்கு விரிக்கக் கொண்டுவந்த பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, கோவைக்காரரை நடுவில் உட்கார வைத்து, ஒட்டி உட்கார்ந்தோம். அவருக்குப் பல் கிட்ட ஆரம்பித்தது. அதைப் பார்த்துத்தான் மதுரைக்காரர் அழைத்தார், என் செல்பேசியில்.

மீட்பு

எதிர்முனையில் இருந்தவர் ஆங்கிலத்துக்கு மாறினார். நிதானமான குரல். எங்கே, எத்தனை பேர், என்ன காயம், நினைவு இருக்கிறதா, என்ன உடுத்தியிருக்கிறீர்கள். கடைசியாகக் கண்ட பலகையில் என்ன இருந்தது என்று கேட்டார். சேலத்துத் தம்பி அதையும் படம் எடுத்து வைத்திருந்தார். வரைபடச் செயலியில் எங்கள் இடத்தின் எண்களைப் படித்துச் சொன்னோம். இருந்த இடத்தைவிட்டு நகராதீர்கள், இந்த எண்ணை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள், திரும்ப அழைப்போம் என்றார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். மலையில் உதவி கேட்கும் சைகை: நிமிடத்துக்கு ஆறு முறை விளக்கை அடிக்க வேண்டும், அடுத்த ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும், மறுபடி ஆறு. பதில் சைகை நிமிடத்துக்கு மூன்று முறை வரும். சேலத்துத் தம்பி அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். பத்து விநாடிக்கு ஒரு முறை, கடிகாரத்தைப் பார்த்து, பிசகாமல்.

8.15க்குக் கீழே மரங்களுக்கு நடுவில் வெளிச்சம். மூன்று முறை. அக்கா அழுதுவிட்டார்.

ஆறு பேர் வந்திருந்தார்கள். தலைவருக்கு வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், பகலில் தச்சு வேலை செய்கிறவர் என்று பிறகு தெரிந்தது. கோவைக்காரரின் காலில் கட்டுப்போட்டு, வெப்பப் போர்வை சுற்றி, ஸ்ட்ரெச்சரில் வைத்தார்கள். எங்களுக்குத் தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்கொன்று கொடுத்தார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். எங்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: "அழைக்க ஏன் இவ்வளவு நேரம்?"

நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஓடை வழியாக முப்பது, நாற்பது மீட்டர் போயிருந்தால் ஒரு பாறைச் சரிவு. விளக்கை அடித்துக் காட்டினார் ஒருவர். நான் எட்டிப் பார்க்கவில்லை. காட்டுச் சாலைக்கு வந்து, வண்டியில் ஏறி, ஓல்ஷ்டாட் ஊருக்குள் வந்தபோது 9.50.

பின்விளைவு

கணுக்காலில் எலும்பு முறிவு இல்லை, தசைநார் கிழிசல். கோவைக்காரர் இரண்டு வாரம் மருத்துவ விடுப்பில் இருந்தார், ஆறு வாரம் காலுக்கு உறை போட்டுக்கொண்டார். செலவு அவருடைய காப்பீட்டுக்குப் போனது. மற்ற நால்வரும் மூன்று வாரம் தபால் பெட்டியைத் திறக்கவே பயந்தோம். ஒன்றும் வரவில்லை. வந்திருந்தாலும் கேட்பதற்கில்லை.

மதுரைக்காரர் இரண்டு மாதம் எங்கேயும் வரவில்லை. பொங்கலுக்கு அவர் வீட்டுக்கு நாங்களாகவே போனோம். மீட்புக் குழுவுக்கு ஐந்து பேர் சார்பில் நன்கொடை அனுப்பினோம். கோவை அக்கா முறுக்கு சுட்டு ஒரு டப்பா அனுப்பினார். அது என்ன பண்டம் என்று கேட்டு அந்தத் தச்சர் பதில் எழுதியிருந்தார்.

மாற்றிக்கொண்டவை

பொருள்களைச் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். தலையில் மாட்டும் விளக்கு ஆளுக்கொன்று, பதினைந்து இருபது யூரோதான். மாற்றுப் பனியன், வெப்பப் போர்வை, சார்ஜ் உள்ள பவர் பேங்க். ஞாயிற்றுக்கிழமை காலையில் நினைத்துக்கொண்டு வாங்க முடியாது, கடை இருக்காது. சனிக்கிழமை எட்டு மணிக்குள் வாங்க வேண்டும். மூன்று பேர் ஜெர்மன் ஆல்பைன் சங்கத்தில் உறுப்பினர் ஆகியிருக்கிறோம். காயமில்லாத மீட்புக்கும் 25,000 யூரோ வரை காப்பீடு அதில் அடக்கம்.

ஆனால் அன்று எங்கள் எல்லோர் பையிலும் விளக்கு இருந்திருந்தாலும் 3.10க்கு அதே முடிவைத்தான் எடுத்திருப்போம். கோவைக்காரர் விழுந்தும் இருப்பார். அதனால் மாற்றிய பெரிய விஷயம் வேறு. கிளம்புவதற்கு முந்தின நாளே சூரிய மறைவு நேரத்தைப் பார்த்து, திரும்பும் நேரம் என்று ஒன்றை எழுதிக் குழுவில் போட்டுவிடுகிறோம். எங்கே இருந்தாலும் அந்த நேரத்துக்குத் திரும்ப வேண்டும். அதைச் சொல்லும் பொறுப்பு, வந்தவர்களில் மிகப் புதியவருக்கு. அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. உச்சியில் நின்றுகொண்டு திட்டத்தை நீட்டுவது கிடையாது, குறைக்கலாம். இதைக் கேட்டு நண்பர்கள் சிலர் சிரித்தார்கள், மிலிட்டரி மாதிரி இருக்கிறதாம். கோவை அக்காவுக்கு மட்டும் இது போதாது. இரண்டு பேர் ஒருமுறை 'பயமாக இருக்கிறது' என்று சொன்னாலும் திரும்ப வேண்டும் என்பது அவர் வாதம். அதில் இன்னும் ஒத்துப்போகவில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம்.

அடுத்த மே மாதம் ஐந்து பேரும் மறுபடி அதே பக்கம் போனோம். அதே சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் யோஹ்பெர்க், 1,565 மீட்டர். சேலத்துத் தம்பிதான் நேரம் பார்ப்பவர். மே மாதம் என்பதால் ஒன்பது மணி வரை வெளிச்சம், ஆனால் மத்தியானத்துக்கு மேல் இடி மழை என்று முன்னறிவிப்பு இருந்தது. அதனால் திரும்பும் நேரம் பகல் ஒரு மணி.

உச்சியில் நட்டிருக்கும் சிலுவை கண்ணுக்குத் தெரிந்தது. இருபது நிமிட ஏற்றம் பாக்கி.

"மணி ஒண்ணு, அண்ணா."

"தம்பி, இருபது நிமிஷம்தான்டா..."

"ஒண்ணு ஆயிடுச்சுண்ணா."

மதுரைக்காரர் சிலுவையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒரு மேகமும் இல்லை. முனகிக்கொண்டே திரும்பினார். கீழே வந்து பேருந்துக்காக முக்கால் மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தோம். அன்று மழையே பெய்யவில்லை. ரயிலில் வரும்போதும் அதைச் சொல்லிச் சொல்லி அவர் புலம்பிக்கொண்டு வந்தார்.